நீரேற்று நிலையத்து பி.எல்.சி.யை 4ஜி மோடம் வழியாகப் படிப்பதில் சிக்கல்

கரையோரப் பம்ப்:
அனைவருக்கும் வணக்கம். கொள்ளிடக் கரையில் உள்ள எங்கள் நீரேற்று நிலையத்தில் பம்பை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான ஒரு பழைய பி.எல்.சி. இருக்கிறது. அதில் ஆர்.எஸ்.485 என்ற சீரியல் ஒயர் போர்ட் மட்டுமே உண்டு, அது பேசும் மொழி மோட்பஸ் ஆர்.டி.யூ., வேகம் செகண்டுக்கு 9600 பிட். முன்பு ஜி.எஸ்.எம். மோடத்துக்கு டேட்டா கால் போட்டு அலுவலகத்தில் உள்ள ஸ்காடா என்ற கண்காணிப்பு மென்பொருளிலிருந்து படித்துக்கொண்டிருந்தோம். அந்த வசதி எங்கள் பகுதியில் நின்றுபோனதால், சீரியல் போர்ட் உள்ள 4ஜி ரவுட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தியிருக்கிறேன். ரவுட்டரில் இணையம் வருகிறது. ஆனால் சிம்முக்குக் கிடைத்த 100.72 எனத் தொடங்கும் ஐ.பி. முகவரியை அலுவலகத்திலிருந்து எட்ட முடியவில்லை. நிலையத்திலேயே அமர்ந்து லேப்டாப்பை ரவுட்டரின் வைஃபையில் இணைத்துப் படித்தால் ஒழுங்காக வருகிறது. லேப்டாப்பும் ரவுட்டரும் தனித்தனி சிம்களில் இருக்க, இடையில் ஒரு இணைய சர்வரை வைத்துப் படித்துப் பார்த்தபோது, ஐந்துக்கு ஒன்று சி.ஆர்.சி. (செய்தி சிதையாமல் வந்ததா என்று பார்க்கும் கணக்கு) பிழையாகவோ டைம் அவுட்டாகவோ விழுகிறது. ரவுட்டர், வரும் பைட்டுகளை அப்படியே கடத்தும் 'டிரான்ஸ்பரன்ட்' முறையில் உள்ளது. எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

பேனல்காரர்:
ஐயா, இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சிக்கல்கள். சேர்த்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதலில் முகவரி. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் தொலைபேசி நிறுவனங்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏராளமான சிம்கள் இருப்பதால், வெளியிலிருந்து உங்கள் சிம்மை எட்ட வழியில்லை. ரவுட்டரில் எத்தனை போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே உள்ள கருவிக்குத் திருப்பிவிடுதல்) போட்டாலும் பயன் இல்லை. ஆகவே திசையை மாற்றுங்கள்: அலுவலகம் நிலையத்தை அழைப்பதற்குப் பதிலாக, ரவுட்டரே அலுவலகத்தில் உள்ள வி.பி.என். (இணையத்தின் வழியே தனிப் பாதுகாப்புப் பாதை) சர்வரை அழைத்து இணைப்பைத் திறந்து வைத்திருக்கட்டும். சும்மா கிடக்கும் இணைப்பை நெட்வொர்க் துண்டித்துவிடும் என்பதால், 30 செகண்டுக்கு ஒருமுறை கீப்அலைவ் என்ற சிறு செய்தி போகுமாறு வையுங்கள்.

அடுத்தது சி.ஆர்.சி. பிழை. மோட்பஸ் ஆர்.டி.யூ. செய்தியில் நீளம் எழுதப்படுவதில்லை, 3.5 எழுத்து நேரம் மௌனம் நிலவினால் செய்தி முடிந்தது என்று எடுத்துக்கொள்ளப்படும். 9600 வேகத்தில் அது ஏறத்தாழ 4 மில்லிசெகண்ட். டிரான்ஸ்பரன்ட் முறையில் ரவுட்டர் கையில் கிடைத்த பைட்டுகளை அவ்வப்போது அனுப்பிவிடுவதால், ஒரே பதில் இரண்டு பாக்கெட்டுகளாகப் பிரிந்து, இடையில் பல பத்து மில்லிசெகண்ட் இடைவெளியோடு வந்து சேர்கிறது. பாதிப் பதிலை முழுப் பதிலாகக் கருதி ஸ்காடா கணக்குப் பார்த்தால் சி.ஆர்.சி. தவறாமல் என்ன செய்யும்? அதே ரவுட்டரில் 'மோட்பஸ் கேட்வே' என்ற முறை இருக்கும். அதற்கு மாறி, ஸ்காடாவை மோட்பஸ் டி.சி.பி.யாக (நெட்வொர்க்குக்கான மோட்பஸ் வடிவம்) 502 போர்ட்டில் கேட்கச் செய்யுங்கள். டி.சி.பி. வடிவில் நீளம் தலைப்பிலேயே இருப்பதால், செய்தி எத்தனை துண்டாக வந்தாலும் கவலை இல்லை. நேரக் கட்டுப்பாடு ரவுட்டருக்கும் பி.எல்.சி.க்கும் இடையிலான சில மீட்டர் ஒயரோடு நின்றுவிடும்.

ஸ்காடாவின் டைம் அவுட்டை 3 செகண்டுக்கு உயர்த்துங்கள். ரெஜிஸ்டர்களை (பி.எல்.சி.யில் மதிப்புகள் இருக்கும் எண்ணிட்ட இடங்கள்) ஒவ்வொன்றாகக் கேட்காமல் அடுத்தடுத்த எண்களில் அடுக்கி ஒரே கேள்வியில் வாங்குங்கள். ஒரு கேள்விக்கு 125 ரெஜிஸ்டர் வரை கிடைக்கும்.

ஸ்டேடிக்_ஐபி:
இவ்வளவு எதற்கு? நிலையான பொது ஐ.பி. உள்ள எம்2எம் சிம் (கருவிகளுக்கான சிம்) கேட்டு வாங்கினால், போர்ட் ஃபார்வர்டிங் போட்டு அரை மணி நேரத்தில் முடித்துவிடலாமே.

பேனல்காரர்:
முடிக்கலாம், ஆனால் அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். மோட்பஸ் 1979இல் வந்தது. அதில் கடவுச்சொல் என்ற பேச்சே கிடையாது. 502 போர்ட்டை இணையத்தில் திறந்து வைத்தால், தேடி வருபவர் எவரும் பம்பை நிறுத்தலாம், ஓட்டலாம். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிக்விப்பா என்ற ஊரின் குடிநீர் பூஸ்டர் நிலையத்து பி.எல்.சி. வெளியாட்கள் கைக்குப் போனது. அப்போது தாக்குதலுக்குள்ளான கருவிகள் இணையத்திலிருந்து நேரடியாக எட்டும்படியும், 1111 என்ற ஆலைக் கடவுச்சொல்லை மாற்றாமலும் விடப்பட்டிருந்தன என்று அந்நாட்டு இணையப் பாதுகாப்பு முகமை எச்சரித்தது. சிம்முக்குக் கூடுதலாகச் செலவழிக்கும் எண்ணம் இருந்தால், பொது ஐ.பி.க்குப் பதிலாகத் தனி ஏ.பி.என். (பொது இணையத்திலிருந்து பிரிந்த, உங்கள் சிம்களுக்கு மட்டுமான நெட்வொர்க்) கேளுங்கள்.

மின்கம்பத்தடி:
சிக்னல் பற்றி யாரும் கேட்கவில்லையே. ரவுட்டரும் அதன் குச்சி ஆன்டெனாவும் இரும்புப் பேனலுக்குள்ளேயே இருக்கின்றனவா? அப்படியானால் கதவை மூடியதும் சிக்னல் வெகுவாகக் குறைந்துவிடும். ஆன்டெனாவைக் கூரை மேல் வைத்து 10 மீட்டர் மெல்லிய கேபிள் இழுப்பதும் தீர்வாகாது. கிடைத்த சிக்னலில் பாதிக்கு மேல் கேபிளிலேயே போய்விடும். ரவுட்டரையே ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் உயரத்தில் பொருத்தி, ஆர்.எஸ்.485 ஒயரைக் கீழே இறக்குங்கள். அது நூற்றுக்கணக்கான மீட்டர் தாங்கும். இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள், ஷீல்டை ஒரு பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள், மோட்டார் டிரைவ் கேபிளோடு ஒரே குழாயில் விடாதீர்கள்.

கரையோரப் பம்ப்:
மிக்க நன்றி. கேட்வே முறைக்கு மாற்றியதும் சி.ஆர்.சி. பிழை அறவே நின்றுவிட்டது. வி.பி.என். வேலையை நாளை தொடங்குகிறேன். ஒரு ஐயம்: தொலைவில் உள்ள மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தையும் இதே வழியில் ஸ்காடாவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பம்பை நிறுத்தும் கட்டளையைக் கொடுக்கலாமா?

பேனல்காரர்:
கொடுக்கலாம், ஆனால் கட்டளை வராமல் போனாலும் பம்ப் தானாக நிற்க வேண்டும். ஸ்காடா ஒரு ரெஜிஸ்டரில் 10 செகண்டுக்கு ஒருமுறை எண்ணை ஒன்று கூட்டி எழுதட்டும். அந்த எண் இரண்டு நிமிடம் மாறாமல் இருந்தால் பி.எல்.சி. தன் சொந்த டைமர் முறைக்குப் போய், வழக்கமாகத் தொட்டி நிரம்பும் நேரம் முடிந்ததும் பம்பை நிறுத்திவிடட்டும். டிரை ரன் (தண்ணீரின்றி ஓடுதல்), ஓவர்லோடு ஆகியவற்றுக்கான பாதுகாப்புகள் எந்நிலையிலும் மோடத்தை நம்பியிருக்கக் கூடாது. அவை பேனலிலேயே ரிலேவாக இருக்கட்டும். இன்னொன்று: ரவுட்டரில் பிங் பார்த்து ரீஸ்டார்ட் செய்யும் வசதியைப் போடும்போது அலுவலக சர்வரை மட்டும் குறிவைக்காதீர்கள். அலுவலகத்தில் கரன்ட் போனால் நிலையத்து ரவுட்டர் காரணமின்றி மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கும்.