சிறு கல்லூரியில் வணிகம் படித்துக்கொண்டே ஓட முடியுமா?

வலிகாமத்து ஓட்டக்காரி:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் வணிகப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் ஆகியவை என் பாடங்கள். 800 மீற்றர் ஓட்டத்தில் மாகாண மட்டம் வரை சென்றிருக்கிறேன். மூன்று வருடங்களாக, விடியற்காலையில் துரையப்பா விளையாட்டரங்கில் ஓடிவிட்டு, ஈரம் காயாத சப்பாத்தைச் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு நேரே ரியூசனுக்குப் போய் வந்தேன்.

இப்போது அமெரிக்காவின் சிறிய கலைக்கல்லூரி (கலை, அறிவியல் பாடங்களைப் பரவலாகக் கற்பிக்கும் பட்டக் கல்லூரி) ஒன்றின் பயிற்றுநர் என் ஓட்ட நேரங்களைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். அது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.யின் மூன்றாம் பிரிவைச் சேர்ந்த கல்லூரி. "ஓடுவதற்குக் கூப்பிடுகிறவர்கள் செலவையும் ஏற்கத்தானே வேண்டும்" என்கிறார் அப்பா. அம்மாவோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக முகாமைத்துவ பீடத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார். அந்த அமெரிக்கக் கல்லூரியில் வணிகம் படித்துக்கொண்டு ஓடவும் முடியுமா என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பனிக்காலத்து ஓட்டக்காரன்:

தங்கை, நானும் யாழ்ப்பாணத்திலிருந்து போய் அப்படியொரு கல்லூரியில் நான்கு வருடம் ஓடியவன்தான். முதலில் அப்பாவின் கேள்விக்கு மறுமொழி சொல்கிறேன். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று ஒரு சதமும் கொடுப்பதில்லை. அது அந்தப் பிரிவின் விதி. விளையாட்டுப் புலமைப்பரிசில் இருப்பது முதலாம், இரண்டாம் பிரிவுகளில்தான். ஆனால் குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவியும், கல்வித் திறமைக்குத் தரும் புலமைப்பரிசிலும் மற்ற மாணவர்களுக்குப் போலவே உங்களுக்கும் உண்டு. அம்ஹர்ஸ்ட், போடொயின் ஆகிய இரண்டு கல்லூரிகளும் வெளிநாட்டு மாணவரின் விண்ணப்பத்தைப் பண வசதி பாராமல் பரிசீலித்து, சேர்த்துக்கொண்டால் குடும்பத்தால் கட்ட முடியாத தொகையை முழுவதும் ஈடுசெய்பவை. அனுமதி கிடைப்பது மிகக் கடினம் என்றாலும் விண்ணப்பித்துப் பார்க்கத்தான் வேண்டும். பயிற்றுநர் அனுமதிக் குழுவிடம் உங்களுக்காகப் பேசலாம். பணம் பற்றிய வாக்குறுதி தர அவரால் முடியாது. நிதியுதவி அலுவலகத்தின் கடிதம் கைக்கு வரும்வரை எதையும் நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

ஓட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 800 மீற்றர் ஓடுபவர்களையும் இலையுதிர் காலத்தில் புல்வெளியிலும் காட்டுப்பாதையிலும் ஓடவிடுவார்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் 6 கிலோமீற்றர். அதன்பின் பனிக்காலத்தில் கூரைக்குள்ளே 200 மீற்றர் வட்டப் பாதையில் ஓட்டம். முதல் முறை அந்தக் குறுகிய வளைவில் ஓடியபோது என் கால் தடுமாறிப் பக்கத்துத் தடத்துக்குள் போய்விட்டது. சனிக்கிழமைகளில் போட்டி முடிந்து பஸ்ஸில் திரும்புவோம். எல்லோரும் உறங்கும்போது நான் தலையில் கட்டும் சிறு விளக்கை எரியவிட்டு, மடியில் கணக்கீட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஐந்தொகையைச் சமப்படுத்திக்கொண்டிருப்பேன். வகுப்பில் பதினைந்து பேர்தான் என்பதால், திங்கட்கிழமை நான் வாய் திறக்காவிட்டால் பேராசிரியருக்கு உடனே தெரிந்துவிடும். அந்த நெருக்கம்தான் என்னைப் படிக்க வைத்தது. ஓட்டத்தைக் கைவிட வேண்டும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

கணக்கீட்டு ஆசிரியர்:

பிள்ளை, நீர் அவதானிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. மேலே தம்பி சொன்ன இரண்டு கல்லூரிகளிலும் வணிகம் என்ற முதன்மைப் பாடமே கிடையாது, பொருளியல்தான் உண்டு. பிராங்க்ளின் அன்ட் மார்ஷல், ஸ்கிட்மோர் போன்ற சில கலைக்கல்லூரிகளில் வணிகம் இருக்கிறது. ஆகவே, உமக்கு எழுதிய கல்லூரியின் பாட விபரத்தைத் திறந்து, இடைநிலைக் கணக்கீடும் நிதியியலும் உண்மையாகவே கற்பிக்கப்படுகின்றனவா, அல்லது அறிமுகப் பாடத்தோடு நின்றுவிடுகின்றனவா என்று பாரும்.

விசாவையும் மறக்க வேண்டாம். மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரை கல்லூரிக்குள் மட்டுமே வேலை செய்யலாம். பட்டத்தின் பின் 12 மாதம் துறைசார் வேலைக்கு அனுமதி உண்டு. கணிதமும் புள்ளிவிபரவியலும் சார்ந்த துறையாகப் பதிவு செய்யப்பட்ட பொருளியல் பட்டமென்றால் மேலும் 24 மாதம் கேட்கலாம். பொதுவான வணிகப் பட்டத்துக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. என் மாணவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, பொருளியலை முதன்மையாக எடுத்துக் கணக்கீட்டை அதனோடு சேர்த்துப் படியுங்கள் என்பதே.

வட்டுக்கோட்டை வாசகர்:

மகள், அம்மாவிடம் நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தைப் பற்றிச் சொல்லும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த அவர் 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளில் உயரம் பாய்ந்து, 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவர். கலிபோர்னியாவில் பாய்ந்துகொண்டே பட்டம் பெற்று, பின்னர் கோர்னெலில் கலாநிதியானார். அவர் படித்தது பெரிய பல்கலைக்கழகத்தில் என்றாலும், படிப்பும் விளையாட்டும் ஒருவரிடத்தில் சேர்ந்திருக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே அவர் சாட்சி. ஆனாலும் உள்ளூர்ப் பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் கட்டாயம் அனுப்பும்.

வலிகாமத்து ஓட்டக்காரி:

அண்ணாவுக்கும் ஆசிரியருக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு இவற்றை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அப்பா வருமான விபரங்களை எடுத்துத் தருவதாகச் சொன்னார். அம்மா உள்ளூர் விண்ணப்பமும் போகும் என்றதும் சற்று ஆறுதலடைந்தார். அந்தக் கல்லூரியில் பொருளியல் எந்தத் துறையாகப் பதிவாகியிருக்கிறது, அதனோடு கணக்கீடு எத்தனை பாடம் படிக்கலாம் என்று கேட்டுப் பயிற்றுநருக்கு இன்று காலை எழுதியிருக்கிறேன். மறுமொழி வந்ததும் இங்கே எழுதுகிறேன்.