கறுப்பு வெள்ளையில ஆள் தொலைஞ்சு போறார், ஏன்?

செம்மண்புழுதி (கிளிநொச்சி):
வணக்கம். பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் கார்ட்டியே-பிரெசோன் 1932ல பாரிஸ் சான் லசார் ஸ்டேஷனுக்குப் பின்னால எடுத்த படம் தெரியும்தானே, தேங்கி நிக்கிற தண்ணிக்கு மேலால ஒராள் பாயிறார், அது. எல்லாரும் கொம்போசிஷன் கொம்போசிஷன் (படத்துக்குள்ள எது எங்க இருக்கோணும் எண்ட ஒழுங்கு) எண்டு தூக்கிப் பிடிக்கினம், எனக்கெண்டா ஆள் மங்கலா இருக்கிறதுதான் முதல்ல தெரியுது. ஓடுற ஆளுக்கு முன்னால இடம் விடோணும் எண்டுதானே சொல்லித் தாறவை, இதில மனுசன் வலது ஓரத்தில முட்டப் போறார். நான் மழை விட்ட உடன கண்டி வீதியில சைக்கிள்காரர் ஒராளை எடுத்தன், சிவப்புச் சேட், பின்னுக்குப் பச்சை வேலி, முன்னால தாராளமா இடம், கலர்ல நல்லாத்தான் இருந்தது, கறுப்பு வெள்ளை ஆக்கினா ஆளையே காணேல்ல.

குளக்கட்டு (வவுனியா):
தம்பி, அந்தப் படத்தில குதிக்காலைப் பாருங்கோ. தண்ணியில இன்னும் படேல்ல, காலுக்கும் தண்ணியில தெரியிற காலுக்கும் நடுவில துளி இடைவெளி, படமே அதிலதான் நிக்குது. முன்னால இடம் விட்டிருந்தா அவர் எங்க விழுவார் எண்டு தெரிஞ்சுபோம், பிறகு என்னத்தைப் பாக்கிற? பின்னால போஸ்டர்ல ஆடுற உருவம் ஒண்டும் பாயுது, மற்றப் பக்கம் பாத்து. தண்ணிக்குள்ள ஏணி கிடக்கு, அதைச் சுத்தி அலை, அதால அவர் எங்கயிருந்து பாய்ஞ்சவர் எண்டது தெரியுது. மங்கல் ஒரு பிரச்சினையே இல்லை, வெளிறின தண்ணியில கன்னங்கரேல் எண்டு ஆள் தனியத் தெரியிறார் எல்லோ.

பாலைமரம் (முல்லைத்தீவு):
உங்கட படத்தில அதுதான் இல்லை. சிவப்பும் பச்சையும் கலர்லதான் எதிரும் புதிரும், கலரை எடுத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல், சேட் வேலிக்குள்ள போயிட்டுது. எடிட் பண்ணேக்க சும்மா கலரை உறிஞ்சாதேங்கோ, கறுப்பு வெள்ளை மிக்ஸ் எண்டு ஒண்டு இருக்கும், எந்தக் கலர் எவ்வளவு வெளிறோணும் எண்டு மாத்திற இடம், அதில சிவப்பை ஏத்தி பச்சையை இறக்குங்கோ. எங்கட செம்மண் ரோட்டும் சேர்ந்து வெளிக்கும், அதுவும் நல்லதுதான்.

ஒற்றைப்பனை:
இவ்வளவும் பிறகு இருந்து யோசிச்சுச் சொல்லுற கதை. அந்தாள் பலகை வேலி இடுக்குக்குள்ளால கமராவை வச்சு எடுத்தவர், லென்சுக்கு அந்த இடுக்குக் காணாது எண்டு அவரே சொன்னது. போஸ்டர், குதிக்கால் எல்லாம் அதிஷ்டம்.

குளக்கட்டு (வவுனியா):
அந்த நேரம் பாத்துக் கமராவை அமத்தினது அதிஷ்டமா இருக்கட்டும். வெட்டினது? அவர் எடுத்த படத்தின்ர ஓரத்தை வெட்டுறதை விரும்பாத ஆள், இதில வெட்டியிருக்கு. இடப்பக்கம் பலகை மறைச்சது, அது சரி, ஆனா கீழயும் வெட்டினவை. நெகட்டிவ்ல கிடந்த ஒரு பலன்சை வெளியில எடுத்திருக்கு, அதுக்குக் கண் வேணும்.

செம்மண்புழுதி (கிளிநொச்சி):
பாலைமரம், செய்து பாத்தன், சேட் பளிச்செண்டு வேலியை விட்டு வந்திட்டுது, நன்றி. ஆசையில நீலத்தையும் இறக்கினன், வானம் முழுக்கப் புள்ளி புள்ளியா வருது, அதுக்கு என்ன செய்யிற?

பாலைமரம் (முல்லைத்தீவு):
நீலத்தை விடுங்கோ, போன் சுருக்கிச் சேமிக்கிற ஜேபெக் படம் அவ்வளவு இழுவை தாங்காது. ரோ ஃபைல்ல, கமரா பதிஞ்சதை அப்பிடியே வச்சிருக்கிறதில, எடுத்தா கொஞ்சம் தாங்கும். அதோட உங்கட வானத்தில ஒண்டுமில்லையே, மேலால வெட்டிவிடுங்கோ.