பெரிய நிறுவனத்தின் டிக்கெட், சிறிய நிறுவனத்தின் விமானி: மகளின் வேலை குறித்து ஓர் ஐயம்

ஜக்கூர்வாசி (பெங்களூரு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் வணிக விமானி உரிமம் பெற்று, விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் தேர்வுகளையும் 200 மணி நேரப் பறப்பையும் முடித்துவிட்டு, வேலைக்காகக் காத்திருந்தாள். இப்போது ஏடிஆர் எனும் சிறிய விமானங்களை இயக்கும் ஒரு பிராந்திய நிறுவனம் துணை விமானிப் பணிக்கு அவளை அழைத்திருக்கிறது. பெரிய நிறுவனங்களில் அதே பணிக்குக் கிடைக்கும் சம்பளத்தில் பாதிகூட இங்கு இல்லை. குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான ‘டைப் ரேட்டிங்’ பயிற்சியின் செலவை அவர்களே ஏற்பார்கள் என்றாலும், அதற்காக ஐந்தாண்டு பாண்டில் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

சிகாகோவில் இருக்கும் என் மைத்துனர் இதைக் கேட்டதும் பதறிவிட்டார். அங்கே டிக்கெட்டில் இருப்பதும் விமானத்தின் வாலில் இருப்பதும் பெரிய நிறுவனத்தின் பெயராம். ஆனால் விமானிக்குச் சம்பளம் கொடுப்பது வேறொரு சிறிய நிறுவனமாம். அங்கே சேர்ந்தவர்கள் பல ஆண்டுகள் குறைந்த சம்பளத்திலேயே தங்கிப்போனார்கள் என்கிறார். இந்தியாவிலும் பெரிய நிறுவனங்கள் சிறு நகர வழித்தடங்களை இப்படி வெளியே கொடுத்துவிடக்கூடுமா? கையெழுத்துப் போடுவதற்கு முன் நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்? வீட்டை அடகு வைத்துப் படிக்க வைத்த பெண் என்பதால், தெரிந்தவர்கள் மனம் விட்டுச் சொல்லுமாறு வேண்டிக்கொள்கிறேன்.

சாந்தாகுரூஸ் கேப்டன் (மும்பை):

வணக்கம் ஐயா. நான் ஏடிஆரில் தொடங்கி, இப்போது ஏர்பஸ் 320 ஓட்டுகிறேன். உங்கள் மைத்துனர் சொன்னது உண்மைதான். 1978இல் அமெரிக்க அரசு விமானக் கட்டணங்களின் மீதும் வழித்தடங்களின் மீதும் இருந்த கட்டுப்பாட்டை நீக்கியது. அதன் பிறகு பெரிய நிறுவனங்கள் தங்கள் மைய நிலையங்களுக்குச் சிற்றூர்ப் பயணிகளைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையைச் சிறிய நிறுவனங்களுக்கு விட்டன. 1990களில் 50 இருக்கை ஜெட் விமானங்கள் வந்ததும் இது பெருகி, ஒரு கட்டத்தில் அந்நாட்டின் உள்நாட்டுப் புறப்பாடுகளில் ஏறத்தாழப் பாதி இத்தகைய நிறுவனங்களின் கையில் இருந்தது. டிக்கெட்டை விற்பதும், கட்டணத்தையும் நேர அட்டவணையையும் முடிவு செய்வதும், பெரும்பாலும் எரிபொருளுக்குப் பணம் கட்டுவதும் பெரிய நிறுவனம். விமானத்தையும் ஆட்களையும் கொடுத்து, அதற்கு ஒரு தொகை வாங்கிக்கொள்வது சிறிய நிறுவனம். இந்த ஏற்பாட்டில் சிறிய நிறுவனம் போட்டியாளரைவிடக் குறைத்துக் காட்டக்கூடிய பெரிய செலவு ஆள் செலவு ஒன்றுதான். ஆகவே ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் விமானியின் சம்பளம் ஏலத்துக்கு வருகிறது.

காம்ஏர் விமானிகளின் கதையை உங்கள் மகள் அறிந்திருக்க வேண்டும். டெல்டாவின் முழு உடைமையாக இருந்த அந்த நிறுவனத்தில் 2001இல் விமானிகள் 89 நாள் வேலைநிறுத்தம் செய்து, பிராந்திய விமானிகளில் நல்ல சம்பளம் பெறுவோராக ஆனார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அவர்களுடைய விமானங்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2012 செப்டம்பரில் நிறுவனமே மூடப்பட்டது. செலவு அதிகம் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் முதன்மையானது. தனியே போராடி வென்றவர்களின் வேலை, போராடாதவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

இதற்குத் தடுப்பாக, பெரிய நிறுவன விமானிகளின் சங்கங்கள் தங்கள் கூட்டு ஒப்பந்தத்தில் ‘ஸ்கோப்’ என்ற விதியை வைத்திருக்கின்றன. எவ்வளவு பெரிய விமானத்தை வெளியாருக்குக் கொடுக்கலாம் என்பதற்கு அது எல்லை வகுக்கிறது: பொதுவாக 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை. ஒப்பந்தத்தில் எழுதிய இந்த ஒரு வரி, விமானத் தொழிற்சாலையையே கட்டிப்போட்டிருக்கிறது. எம்ப்ரேயரின் புதிய இ175-இ2 எரிபொருளை மிச்சப்படுத்தும் விமானம். ஆனால் இந்த எடை வரம்பைத் தாண்டுவதால் அமெரிக்கப் பிராந்திய நிறுவனங்கள் பழைய இ175ஐயே தொடர்ந்து வாங்குகின்றன. 70 இருக்கை போடக்கூடிய சிஆர்ஜே விமானத்தில் 50 இருக்கை மட்டும் போட்டு ஓட்டும் ஏற்பாடும் இந்த விதியால் வந்ததே.

சம்பளக் குறைவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ அருகே விழுந்த, கோல்கன் என்ற பிராந்திய நிறுவனத்தின் 3407ஆம் எண் விமானத்தைச் சொல்வார்கள். டிக்கெட்டை விற்றது கான்டினென்டல், பறந்தது கோல்கன், இறந்தவர்கள் 50 பேர். விமானம் வேகம் இழக்கும் எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டதே விபத்தின் காரணம் என்பது விசாரணையின் முடிவு. அதை மறைத்துவிட்டு எல்லாப் பழியையும் சம்பளத்தின் மேல் போடுவது நேர்மையாகாது. ஆயினும் விசாரணையில் வெளிவந்தவற்றைப் படித்தால் நெஞ்சு கனக்கும். துணை விமானி சியாட்டில் பக்கத்தில் பெற்றோர் வீட்டிலிருந்து இரவெல்லாம் சரக்கு விமானங்களில் இலவசமாகப் பயணம் செய்து, நியூவர்க்கில் ஊழியர் அறையின் சோபாவில் கண் அயர்ந்துவிட்டுப் பணிக்கு வந்தவர். அவருடைய ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 16,000 டாலர் என்று அங்கே பேசப்பட்டது. அந்தச் சம்பளத்தில் நியூவர்க்கில் அறை எடுத்துத் தங்க முடியாது. இதன் பின்னர்தான் துணை விமானிக்கும் 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்ற விதி 2013இல் நடைமுறைக்கு வந்தது.

முனிர்கா வழக்கறிஞர் (டெல்லி):

கேப்டன் சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடே. ஆனால் ஸ்கோப் விதியை நம் ஊருக்கான தீர்வாக எண்ணிவிடக் கூடாது. அங்கே ஒரு நிறுவனத்தின் விமானிகள் அனைவரும் ஒரே சங்கம், ஒரே ஒப்பந்தம், ஒரே சீனியாரிட்டிப் பட்டியல். இங்கே தனியார் நிறுவன விமானிகள் பெரும்பாலும் தனித்தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வேலை செய்கிறார்கள். வெளியாருக்கு வேலையைக் கொடுக்காதே என்று சொல்வதற்கு எதிரில் உட்கார்ந்து பேசும் அமைப்பே நம்மிடம் வலுவாக இல்லை.

அதனால் இந்தியாவில் இந்த மாற்றம் வேறு உருவத்தில் வருகிறது. ஒரே குழுமத்துக்குள் இன்னொரு நிறுவனம், அங்கே இன்னொரு சம்பள விகிதம். 1996இல் அலையன்ஸ் ஏரும் 2005இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் அப்படிப் பிறந்தவை. 2024 ஏப்ரலில் விஸ்தாரா விமானிகளின் அதிருப்தியில் ஏராளமான விமானங்கள் ரத்தானது நினைவிருக்கும். அங்கே வேலை வெளியே போகவில்லை. ஏர் இந்தியாவுடனான இணைப்புக்கான புதிய ஒப்பந்தத்தில், மாதம் 70 மணி நேரத்துக்கு உறுதியாகக் கிடைத்துவந்த சம்பளம் 40 மணி நேரமாகக் குறைந்ததே பிரச்சினை. ஜெர்மனியிலும் இதே போக்குதான்: லுஃப்தான்சா தன் பழைய துணை நிறுவனமான சிட்டிலைன் இருக்கும்போதே சிட்டி ஏர்லைன்ஸ் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி, 2024 ஜூனில் பறக்கவிட்டது.

உங்கள் மகளின் ஒப்பந்தத்துக்கு வருகிறேன், ஐயா. முதலில் பாண்டுத் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா என்று பாருங்கள். நான்கு ஆண்டு வேலை செய்தவரிடமும் முழுத் தொகை கேட்கும் ஒப்பந்தங்களை நான் கையில் வாங்கிப் படித்திருக்கிறேன். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது. எழுதிய தொகை என்பது அதன் உச்ச வரம்பு. அதே சமயம் பாண்டு செல்லாது என்று யாரேனும் சொன்னால் நம்பிவிடாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், குறிப்பிட்ட காலம் பணியாற்றாவிட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இரண்டாவது, நிறுவனம் விமானங்களைக் குத்தகைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாலோ, சம்பளம் நிலுவையில் நின்றாலோ பாண்டு தானாக முடிவுக்கு வரும் என்று எழுதி வாங்குங்கள். கிங்ஃபிஷர் 2012இலும் ஜெட் ஏர்வேஸ் 2019இலும் நின்றபோது பல மாதச் சம்பளம் வராமல் தவித்தவர்கள் ஏராளம். மூன்றாவது, டிஜிசிஏ 2017இல் வகுத்தபடி துணை விமானிக்கு ஆறு மாதமும் கேப்டனுக்கு ஓராண்டும் முன்னறிவிப்புக் காலம் உண்டு. பாண்டு முடிந்த மறுநாளே வேறிடம் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

கல்புர்கி பயணி (பெங்களூரு):

விமானிகள் படும் பாடு எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. கல்புர்கிக்கும் பீதருக்கும் விமானம் வந்ததே சிறிய நிறுவனங்களால்தான். சிறு நகரங்களுக்கு விமானம் விடும் அரசின் உடான் திட்டத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று பாதி இருக்கைகளுக்குக் கட்டண வரம்பு வைத்து, மூன்றாண்டு மானியமும் கொடுத்தார்கள். மானியம் நின்றதும் எத்தனையோ வழித்தடங்கள் நின்றுபோயின. 180 பேரை ஏற்றும் விமானத்தின் கேப்டனுக்குக் கொடுக்கும் சம்பளத்தை 70 பேர் விமானத்தில் கொடுத்தால், அந்தப் பாரம் டிக்கெட்டில்தானே ஏறும்?

சாந்தாகுரூஸ் கேப்டன் (மும்பை):

நியாயமான கேள்வி, நண்பரே. சிறிய விமானத்துக்குச் சற்றுக் குறைந்த சம்பளம் என்பதை எந்த விமானியும் எதிர்ப்பதில்லை. பெரிய நிறுவனங்களின் உள்ளேயே விமானத்துக்கு ஏற்ற விகிதம் உண்டு. இண்டிகோ தன் ஏடிஆர் விமானங்களைத் தன் பெயரிலேயே, தன் விமானிகளைக் கொண்டே ஓட்டுகிறது. அங்கே ஏடிஆரில் உட்காரும் இளைஞனுக்கு ஏர்பஸ் இருக்கைக்கு மாறும் வழி அதே கூரையின் கீழ் இருக்கிறது. வெளி நிறுவனத்தில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது என்பதே என் மனக்குறை. பெரிய நிறுவனத்தில் சேர்ந்தாலும் முந்தைய பணிக்காலம் சீனியாரிட்டியில் கணக்கில் வராது. மீண்டும் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

சம்பளம் கணக்கிடப்படும் முறையையும் பாருங்கள். பறப்புப் படி என்பது விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து, சென்று நிற்கும் வரைதான். குறுகிய வழித்தடத்தில் ஒருநாள் நான்கு செக்டார் (ஓர் ஊரில் ஏறி அடுத்த ஊரில் இறங்குவது ஒரு செக்டார்) பறந்தால், ஒவ்வொரு முறையும் தரையில் அரை மணி போகிறது. அந்த அரை மணியில் எடைக் கணக்குத் தாளான லோடு ஷீட்டைச் சரிபார்த்து, எரிபொருளைக் கணக்கிட்டு, அடுத்த ஊரின் வானிலையைப் பார்த்து, இட்லிப் பொட்டலத்தை மடியில் பிரித்து வைத்தபடி கதவு சாத்தும்வரை வேலை ஓயாது. அதற்குப் பறப்புப் படி கிடையாது. மணிக்கணக்கு விகிதம் குறைவாகவும் செக்டார் குறுகியதாகவும் இருந்தால், இரட்டை இழப்பு.

இன்னொன்று. அமெரிக்காவில் 2022இல் விமானிகளுக்குப் பற்றாக்குறை வந்தபோது, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மூன்று துணை நிறுவனங்களிலும் முதலாண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் வரை உயர்த்தியது. அதற்கு முன் இருபது ஆண்டுகளாகக் கட்டுப்படியாகாது என்று சொல்லப்பட்ட சம்பளம் அது.

ஜக்கூர்வாசி (பெங்களூரு):

இவ்வளவு பொறுமையாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு மகளும் நானும் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தோம். பாண்டுத் தொகை ஐந்தாண்டும் மாறாமல் முழுதாக இருக்கிறது. மாதம் எத்தனை மணி நேரத்துக்கு உறுதிச் சம்பளம் என்ற எண் எங்குமே இல்லை. எந்த நகரத்துக்கும் மாற்றலாம் என்று மட்டும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் வேலை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பறக்காமல் வீட்டில் உட்கார்ந்தால் உரிமத்தைப் புதுப்பிப்பதற்கே செலவாகும் என்கிறாள். எதைக் கேட்டால் மாற்றித் தருவார்கள் என்று சொல்ல முடியுமா?

சாந்தாகுரூஸ் கேப்டன் (மும்பை):

அவள் நினைப்பது சரிதான் ஐயா; முதல் 1,500 மணி நேரம் எங்கே கிடைத்தாலும் அது அவளுடைய சொத்து, அதன் பிறகே கேப்டனுக்கான உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடியும். சம்பள விகிதத்தை ஒருவருக்காக மாற்ற மாட்டார்கள், அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். பாண்டு ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டும் என்றும், உறுதிச் சம்பள நேரத்தை எண்ணாக எழுத வேண்டும் என்றும் மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள். தொலைபேசியில் சொல்லும் உறுதியை ஏற்க வேண்டாம். அவளோடு தேர்வானவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள் அல்லவா? அவர்கள் எல்லோரும் கையெழுத்துக்கு முன் சேர்ந்து அதே கடிதத்தை அனுப்பட்டும். பயிற்சி வகுப்புக்கு நாள் குறித்துவிட்ட நிறுவனம் ஒருவரை விட்டுவிடும், வகுப்பு முழுவதையும் விட்டுவிடாது.