மலையில இருந்துக்கிட்டே கடல் நீரோட்டத்தைக் கண்டவங்க உண்டா?

கூடலூர்க்காரி:
எங்க சந்தைக்கு மத்தி மீன் கோழிக்கோட்டுலருந்து நாடுகாணி சுரம் ஏறி வரும். சின்ன வயசுல கூறு போட்டு அள்ளிக் கொடுப்பாங்க. அப்புறம் சில வருசம் விரல் நீளத்துக்கு மெலிஞ்சு வந்துச்சு, விலையோ ஆட்டுக்கறி மாதிரி. மீன்காரரை நாங்க காக்கான்னுதான் (அண்ணன்) கூப்பிடுவோம். "என்ன காக்கா இது?"ன்னு சண்டைக்கே போயிட்டேன். "கடல் சூடாயிடுச்சு மோளே. ஆடியில உங்க தேயிலைய நனைக்குற காத்துதான் மத்திக்கும் சோறு போடுது, தெரியுமா?"ன்னார்.

தேடிப் படிச்சேன், மனுஷன் சொன்னது சரிதான். தென்மேற்குப் பருவக்காலத்துல கரையை ஒட்டி வீசுற காத்து மேல்தண்ணியைக் கடலுக்குள்ள ஒதுக்கிடுது. அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள தண்ணி ஏறி வருது. அதுல நுண்பாசி பெருகும், மத்தி மேயும். ஆனா அதே அடித்தண்ணியில ஆக்சிஜன் குறைச்சல். அது கரை வரைக்கும் ஏறிட்டா கடலடியில வாழுற மீனெல்லாம் மூச்சு முட்டி ஓரத்துக்கு ஓடி வருமாம். கேரளத்துல 2012-ல 3.9 லட்சம் டன் கிடைச்ச மத்தி, 2021-ல சுமார் 3,300 டன். எல் நினோ (பசிபிக் கடல் அப்பப்ப சூடேறுறது), நம்ம கடல் சூடு, குஞ்சையும் விடாம வாரினதுன்னு பல காரணம் சொல்றாங்க. எனக்கு என்னவோ கடைசிக் காரணத்து மேலதான் கோவம்.

பந்தலூர் பையன்:
நான் கண்டது விலாங்கு. பாண்டியாற்றுப் பாறையிடுக்குல கை விட்டேன், தொடை தண்டிக்கு வழுவழுன்னு ஒண்ணு நழுவுச்சு. பாம்புன்னு அலறி விழுந்ததுல முட்டி பேந்துடுச்சு. மாமா சிரிச்சார்: "பாம்புக்குத் தலை, மீனுக்கு வால் காட்டுறவன்டா அவன்."
அது பிறந்தது நடுக்கடல்லன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. கண்ணாடி இலை மாதிரி இருக்குற குஞ்சு நீரோட்டத்துலயே மாசக்கணக்கா மிதந்து கரை சேருமாம். அப்புறம் ஆறு ஏறும். எங்க தண்ணி சாலியாறா பேப்பூர்ல கடல் சேருது, அங்கிருந்து இம்புட்டு அருவியும் தாண்டி வந்திருக்கு! முட்டையிடத் திரும்பக் கடலுக்கே போகும். அதுக்கப்புறம் விலாங்குக் குழம்பு தொண்டையில இறங்க மாட்டேங்குது.

கோத்தகிரி வாத்தியார்:
பிள்ளைகளைப் புதுச்சேரிக்குக் கூட்டிப் போனேன். "கடற்கரை எங்க சார், வெறும் கல்லா இருக்கு?" என்றார்கள். அங்கே அலையும் நீரோட்டமும் வருடத்தில் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்தும். துறைமுகச் சுவர் அதை மறித்ததும் வடக்கே கரை தின்னப்பட்டது.

கொடைக்கானல் மருமகள்:
எங்களுக்குக் கச்சான் காத்தை (தென்மேற்குக் காத்து) விட ஐப்பசி மழைதான் கணக்கு. அந்தச் சமயத்துல சோழமண்டலக் கரையோரம் நீரோட்டமே தெற்குப் பக்கமாத் திரும்பிடும். எங்க மாமனார் திருச்செந்தூர்ப் பக்கத்து மீன்பிடிக்காரர். அவர் அதை நீவாடுன்னுதான் சொல்வார். வலைக்கயிறு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பார்த்தே, "இன்னிக்கு மீன்பாடு இல்ல, திரும்புங்கலே"ன்னுடுவார். நானும் ஒருநாள் படகுல போய்க் கயிறைப் பிடிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் புரியல, வாந்திதான் வந்துச்சு.

கூடலூர்க்காரி:
@கொடைக்கானல் மருமகள், சிரிச்சு முடியல. இந்த வாரம் மத்தி வந்திருக்கு, ஆனா வயிறு முழுக்கச் சினை. "இப்ப வாங்காத, இன்னும் ரெண்டு மாசத்துல நெய் ஏறிடும்"னார் காக்கா. ரெண்டு மாசம் கழிச்சுப் புரட்டாசி. எங்க வீட்ல கவுச்சியே கிடையாது.