சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தினால் பேட்டரி செத்துவிடுமாம்!

நெடும்பயணி:
மின்சைக்கிள் மோட்டார் தேர்வு பற்றிய இழையில் செல்மேசை என்பவர் நேற்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "80-ல் சார்ஜை நிறுத்துகிறவர்கள் தங்கள் பேட்டரியைத் தாங்களே கொல்கிறார்கள்." படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அங்கேயே கேட்டால் இழை திசைமாறுகிறது என்பார்கள், அதனால் தனியாகத் திறக்கிறேன்.

நான் நாலு வருடமாக 80-ல்தான் நிறுத்துகிறேன். 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி, அதாவது 504 வாட்-மணி பேட்டரி. புதிதில் முழுதாக ஏற்றியபோது 60 கிலோமீட்டர் ஓடியது. போன மாதம் ஒரு நீண்ட பயணத்துக்காக முழுதாக ஏற்றினேன், 54 வந்தது. நாலு வருடத்தில் போனது பத்தில் ஒரு பங்கு. இதுவா சாவு?

லித்தியம் அயனி செல்லின் உச்சம் 4.2 வோல்ட். அந்த உச்சத்தில் எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு அதிகமாக அதன் உள்ளே சிதைவு நடக்கும். வெயில் சூடும் சேர்ந்தால் இன்னும் மோசம். பேட்டரியைப் பற்றி எழுதுகிறவருக்கு இதுகூடத் தெரியாதா?

செல்மேசை:
என் வரியைப் பாதியாக வெட்டிக் கொண்டுவந்திருக்கிறீர்கள். நான் எழுதியது இது: "எப்போதும் 80-ல் நிறுத்தி, ஒருமுறைகூட முழுதாக ஏற்றாதவர்கள் பேட்டரியைக் கொல்கிறார்கள்." முன்பாதியைக் காணோமே, எங்கே போயிற்று?

36 வோல்ட் பேட்டரி பேக் என்றால் தொடரில் பத்து செல் தொகுதிகள். ஒவ்வொன்றும் 4.2, மொத்தம் 42 வோல்ட். சார்ஜருக்குத் தெரிவது மொத்தம் மட்டும்தான். பத்தும் சமமாக இருக்கின்றனவா என்று பார்ப்பது பிஎம்எஸ், அதாவது பேட்டரிக்குள் இருக்கும் மேலாண்மைச் சுற்று. சாதாரண பிஎம்எஸ் அந்த வேலையை உச்சத்தை நெருங்கும்போதுதான் தொடங்கும்: முந்திக்கொண்ட தொகுதியைச் சின்ன ரெசிஸ்டர் வழியாக வடித்து, பின்தங்கியது வந்து சேரும்வரை காத்திருக்கும். நீங்கள் அந்தப் பக்கமே போகாவிட்டால் அது எப்போது சமப்படுத்தும்?

போன வாரம் ஒரு பேக்கைப் பிரித்தேன். ஒன்பது தொகுதிகள் 4.02, ஒன்று மட்டும் 3.71. ஓட்டும்போது அந்த ஒன்று அடிமட்டத்தைத் தொட்டதும் பிஎம்எஸ் மொத்தத்தையும் நிறுத்திவிடும். மற்ற ஒன்பதிலும் சார்ஜ் இருக்கும், வண்டி மட்டும் நகராது. அதை வைத்திருந்தவரும் 80 கட்சிதான்.

புதுசைக்கிள்:
வணக்கம். முதல் மின்சைக்கிள் வாங்கப் போகிறேன். தினமும் 18 கிலோமீட்டர், நடுவில் ஒரு மேம்பாலம். 360 வாட்-மணி போதுமா, 500 வேண்டுமா?

நெடும்பயணி:
ஒரு பேக்கைப் பிரித்தாராம், சட்டம் போட்டுவிட்டாராம். அந்த ஒரு தொகுதி மட்டமான செல்லாக இருந்திருக்கலாம். வெல்டு விட்டிருக்கலாம். தண்ணீர் இறங்கியிருக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு 80-தான் குற்றவாளி என்று எப்படித் தீர்மானித்தீர்கள்? என் பேட்டரி நாலு வருடம், 54 கிலோமீட்டர். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

செல்மேசை:
பதில் உங்கள் முதல் பதிவிலேயே இருக்கிறது. "போன மாதம் முழுதாக ஏற்றினேன்" என்று எழுதியது யார்? நான் செய்யச் சொன்னதும் அதுதானே? அதைச் செய்துவிட்டுத்தான் எனக்கு எதிராக இழை திறந்திருக்கிறீர்கள்.

நெடும்பயணி:
அது பயணத்துக்காக ஏற்றியது, சமப்படுத்துவதற்காக இல்லை. இரண்டும் ஒன்றா?

செல்மேசை:
பிஎம்எஸ்ஸுக்கு உங்கள் நோக்கம் தெரியாது, ஐயா. வோல்ட்தான் தெரியும்.

கம்பிச்சக்கரம்:
சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. 80 என்று இரண்டு பேரும் எதைச் சொல்கிறீர்கள்? திரையில் தெரியும் எண்ணையா, செல்லின் வோல்ட்டையா? பல வண்டிகளின் திரை வோல்ட்டைப் பார்த்து உத்தேசமாகத்தான் காட்டும். மேடேறும்போது இரண்டு கட்டம் இறங்கும், நிறுத்தினால் திரும்ப ஏறும். அப்புறம், லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு இந்த 4.2 கணக்கே பொருந்தாது, அதன் உச்சம் 3.65. அதைச் சொல்லிவிட்டுப் பேசலாமே.

நெடும்பயணி:
80 என்றால் 80. இதில் என்ன குழப்பம்?

செல்மேசைக்கு இன்னொன்று. என் வீடு மேட்டில் இருக்கிறது. என்னுடையது சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டார், அதுவும் கியர் இல்லாத டைரக்ட் டிரைவ்; இறக்கத்தில் பிரேக் பிடித்தால் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். முழுதாக ஏற்றிக்கொண்டு இறங்கினால் அது எங்கே போகும்? நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றச் சொல்கிறீர்கள். அந்த நேரத்தில் மோட்டார் பிரேக்கே கிடைக்காது. 80-ல் நிறுத்துவதற்கு இந்த ஒரு காரணம் போதாதா?

மேட்டுப்பாதை:
திரும்பி வரும் மின்சாரத்தைப் பற்றி டைரக்ட் டிரைவ்காரர்கள் பெருமை பேசுவது எப்போது நிற்கும்? கியர் வைத்த ஹப்பில் உள்ளே ஃப்ரீவீல் இருக்கிறது, இறக்கத்தில் மோட்டார் சக்கரத்தோடு சுற்றாது, எதுவும் திரும்பாது. டைரக்ட் டிரைவில் திரும்புவதும் கொஞ்சம்தான். அதற்காக அந்தக் கனத்தைப் பின்சக்கரத்தில் கட்டிக்கொண்டு, பஞ்சர் ஆனால் வயரைக் கழற்று, நட்டைக் கழற்று என்று வழியில் உட்கார வேண்டும். என்னுடையது பெடல் அச்சருகே மோட்டார் இருக்கும் மிட் டிரைவ். மேடு வந்தால் கியரைக் குறைக்கிறேன், மோட்டாரும் அதே கியரில் இழுக்கிறது. சக்கரம் சாதாரணச் சக்கரம், இரண்டு நிமிடத்தில் கையில் வந்துவிடும்.

நெடும்பயணி:
இரண்டு நிமிடத்தில் சக்கரம் வரும், இரண்டே மாதத்தில் செயினும் போகும். உங்கள் கால் பலமும் மோட்டார் பலமும் அந்த ஒரே செயினில்தான் விழுகின்றன. என் செயின் என் கால் பலத்தை மட்டும் தாங்கினால் போதும்.

மேட்டுப்பாதை:
இரண்டு மாதமா? யார் சொன்னது? நான் மாதம் ஒருமுறை அளவி வைத்துப் பார்க்கிறேன். நீட்சி 0.5 சதவீதம் தொட்டதும் செயினை மாற்றிவிடுவேன். 0.75 தாண்டவிட்டு, பின்பல்சக்கரத்தையும் தின்னவிட்டு, அப்புறம் மிட் டிரைவ் சரியில்லை என்று புலம்புகிறவர்களைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கியர் மாற்றும் அந்த ஒரு கணம் பெடலை லேசாக விட வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாதவர் எதை ஓட்டினாலும் உடைப்பார்.

தனித்தமிழ்:
செல் என்பது மின்கலம். பேட்டரி என்பது மின்கல அடுக்கு. பன்னிரண்டு பதிவு ஆகிவிட்டது, ஒருவர்கூடத் தமிழில் எழுதவில்லை. செயினுக்குச் சங்கிலி என்று எழுதினால் கை வலிக்குமா?

செல்மேசை:
தனித்தமிழ் ஐயா, சொல்லை உங்களிடமிருந்து கற்றுக்கொள்கிறேன். மின்கல அடுக்கில் ஒரு மின்கலம் 3.71-ல் கிடந்தால் என்ன செய்வது என்று நீங்கள் தமிழில் சொல்லுங்கள்.

நெடும்பயணிக்கு: முழுதாக ஏற்றி இறக்கத்தில் போகச் சொன்னது யார்? மாதம் ஒருமுறை ஏற்றுங்கள், அன்று மோட்டார் பிரேக்கை அணைத்துவிட்டுக் கைப்பிரேக்கில் இறங்குங்கள். பச்சை விளக்கு வந்ததும் சார்ஜரைப் பிடுங்கிவிடாதீர்கள், சமப்படுத்துவது அதற்கப்புறமும் நடக்கும். கணக்குப் போடுங்கள். 14 ஆம்பியர்-மணியில் ஐந்து சதவீத வித்தியாசம் என்றால் 700 மில்லி ஆம்பியர்-மணி. ரெசிஸ்டர் வழியாக வடிவது 50 மில்லி ஆம்பியர் என்றால் 14 மணி நேரம்.

நெடும்பயணி:
பாருங்கள் நண்பர்களே, வந்துவிட்டது! 14 மணி நேரம்! ராத்திரி சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்கச் சொல்கிறார். லித்தியம் பேட்டரியை ஆள் பார்வையில் வைத்து ஏற்றுங்கள், தூங்கும்போது ஏற்றாதீர்கள், வாசலை மறித்து வைக்காதீர்கள் என்று தீயணைப்புக்காரர்கள் தொண்டை வறளச் சொல்கிறார்கள். நீங்கள் அதற்கு நேர் எதிராகச் சொல்கிறீர்கள். வித்தியாசம் விழுந்த பேக்கை, அதுவும் உச்சத்தில், ராத்திரி முழுக்க!

செல்மேசை:
ராத்திரி என்ற சொல் என் பதிவில் எங்கே இருக்கிறது? காட்டுங்கள். விடுமுறை நாளில் பகலில் பக்கத்தில் இருந்து செய்யுங்கள். ஒரே நாளில் 14 மணி நேரமும் வேண்டாம், நாலைந்து தடவையாகச் செய்யலாம். மாதாமாதம் செய்திருந்தால் வித்தியாசம் ஐந்து சதவீதம் வரை போயே இருக்காது.

சொல்லாததைச் சொன்னதாக்குவது உங்களுக்குப் புதிதில்லை. டார்க் ஆர்ம், அதாவது மோட்டார் அச்சு சுழலாமல் பிடிக்கும் துண்டு, அதைப் பற்றிய இழை ஞாபகம் இருக்கிறதா? "முன்சக்கர மோட்டாருக்கு டார்க் ஆர்ம் வீண் செலவு" என்றீர்கள். அதை நம்பிய ஒருவருக்கு ஃபோர்க்கின் பிளவில் அச்சு சுழன்று வயர் அறுந்தது. அப்போதும் "நான் எல்லா மோட்டாருக்கும் சொல்லவில்லை" என்று நழுவினீர்கள்.

நெடும்பயணி:
அவர் நட்டைச் சரியாக முறுக்கவில்லை. அதை அப்போதே சொன்னேன். பழைய கணக்கை இழுப்பதிலேயே தெரிகிறது, 54 கிலோமீட்டருக்கு உங்களிடம் பதில் இல்லை.

மேட்டுப்பாதை:
நட்டு முறுக்கத்தை மட்டும் நம்பி மோட்டார் அச்சை விடுவதா? பிரேக் வழியாக மின்சாரம் திரும்பும் வண்டியில் அச்சு முன்னும் பின்னும் மாறி மாறித் திருகப்படும், நட்டு தளரத்தான் செய்யும். இந்த ஒரு விஷயத்தில் செல்மேசை பக்கம்தான் நான். 80 விஷயத்தில் யார் பக்கமும் இல்லை, என் பிஎம்எஸ் எந்த வோல்ட்டிலும் சமப்படுத்துகிற வகை.

கம்பிச்சக்கரம்:
அதைத்தான் கேட்கிறேன். எந்த 80, எந்த பிஎம்எஸ் என்று சொல்லாமலேயே இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

நெடும்பயணி:
எந்த பிஎம்எஸ்ஸாக இருந்தால் என்ன? உச்சத்தில் வைத்தால் செல் தேயும். இது வேதியியல், கட்சி இல்லை. நாலு வருடம், 54 கிலோமீட்டர்.

செல்மேசை:
மூடியைத் திறந்து பத்துத் தொகுதிகளின் வோல்ட்டையும் மல்டிமீட்டரில் அளந்து போடுங்கள். பத்து எண். அதற்கப்புறம் பேசுகிறேன்.

நெடும்பயணி:
நன்றாக ஓடும் பேட்டரியை உங்களுக்காக நான் ஏன் திறக்க வேண்டும்? மல்டிமீட்டர் முனை வழுக்கி ஷார்ட் ஆனால் நீங்களா வருவீர்கள்?

செல்மேசை:
சமப்படுத்தும் கம்பிகள் பிஎம்எஸ்ஸில் சேரும் இடத்தில் அளக்கலாம், செல்லையே தொட வேண்டியதில்லை. பேக் கட்டுகிறவர்களுக்கு இது முதல் நாள் பாடம்.

நெடும்பயணி:
நான் பேக் கட்டுகிறவன் இல்லை, ஓட்டுகிறவன்.

புதுசைக்கிள்:
360-ஆ, 500-ஆ என்று யாராவது சொல்ல முடியுமா? கடையில் திங்கள்கிழமை வரைதான் எடுத்து வைப்பார்களாம்.

மேட்டுப்பாதை:
வாட்-மணியை அப்புறம் பார்க்கலாம். ஹப்பா, மிட் டிரைவா? அதை முதலில் முடிவு செய்யுங்கள்.

நெடும்பயணி:
500 வாங்குங்கள் தம்பி, 80-ல் நிறுத்துங்கள். 400 கையில் இருக்கும், உங்கள் தூரத்துக்குத் தாராளம்.

செல்மேசை:
500 சரி. மாதம் ஒருமுறை முழுதாக ஏற்றுங்கள். இவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

நெடும்பயணி:
யார் பேச்சை? நாலு வருடம் ஓட்டியவன் பேச்சையா?