புக்கிட் பாஞ்சாங்: எல்ஆர்டி, எம்ஆர்டி, பஸ் மாறினால் கட்டணம் எப்படி?

கேள்வி:
சிங்கப்பூரில் ஃபஜார் எல்ஆர்டி (பேட்டைக்குள் ஓடும் சின்ன ரயில்) நிலையம் பக்கம் குடிவந்திருக்கோம். புக்கிட் பாஞ்சாங்ல எல்ஆர்டி கேட்டில் கட்டண அட்டையைத் தட்டி வெளியே வந்து, எம்ஆர்டி (பெரிய நகர ரயில்) டௌன்டவுன் பாதை கேட்டில் மறுபடி தட்டணும். ரெண்டு கட்டணமா? திரும்பும்போது சாமான் வாங்கிட்டு ஃபீடர் பஸ்ல (பேட்டைக்குள் சுத்தும் பஸ்) போனால்?

பதில் 1:
ஒரே பயணம்தாங்க. 2010லிருந்து பஸ், எல்ஆர்டி, எம்ஆர்டி மூணுக்கும் மொத்த தூரத்தைக் கூட்டித்தான் கட்டணம். ஏறும்போதெல்லாம் புதுசா ஆரம்பிக்காது. ஆனா நேரக் கெடு இருக்கு. ஒரு ரயில் நிலையத்திலிருந்து இன்னொண்ணுக்கு 15 நிமிஷம், ரயில்–பஸ் அல்லது பஸ்–பஸ் 45 நிமிஷம். 2 மணி நேரத்துக்குள்ள அதிகபட்சம் 5 முறை மாறலாம். எம்ஆர்டியில் 6 மணிக்கு வெளியே தட்டினால் 6.45க்குள் பஸ்ஸில் தட்டிடுங்க.

பதில் 2:
பணம் போவது பெரும்பாலும் இதில்தான்: பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தட்ட மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் பிடிச்சுடுவாங்க. அதே எண் பஸ்ஸில் அடுத்தடுத்து ஏறினாலும் மாற்றமாகக் கணக்கில் வராது. 920ஆம் எண் பஸ்ஸில் போய் பாதி வழியில் இறங்கி, கடைக்குப் போயிட்டு அடுத்த 920ல் ஏறினால் புதுப் பயணம்.

கேட்டவர்:
நன்றி. காலையில் ஃபோன், மாற்றும்போது அட்டை தட்டினால் பரவாயில்லையா?

பதில் 2:
வேண்டாங்க. வங்கி அட்டை ஒண்ணுன்னாலும் ஃபோனுக்குள் அதுக்கு வேற எண். கணினிக்கு ரெண்டு பயணிகள். முதல் தட்டலிலிருந்து கடைசி வரை ஒரே அட்டை, இல்லேன்னா ஒரே ஃபோன்.

பதில் 3:
திசையைப் பத்தியும் சொல்லணும். எல்ஆர்டி புக்கிட் பாஞ்சாங்லிருந்து வளையமா சுத்தி வரும். அந்த வளையத்தில் பெட்டிர், பெண்டிங், பாங்கிட், ஃபஜார், சேகார், ஜெலாப்பாங், செஞ்சா இருக்கு. புக்கிட் பாஞ்சாங்லிருந்து எப்படி எண்ணினாலும் ஃபஜார் நாலாவது நிலையம். அதனால உங்களுக்கு எந்தப் பக்க ரயில் முதலில் வருதோ அதில் ஏறலாம். பாங்கிட்காரங்க பெட்டிர் வழி பார்த்து ஏறணும், இல்லேன்னா அஞ்சு நிலையம் சுத்தணும். எம்ஆர்டியின் வடக்கு–தெற்குப் பாதைக்குப் போறவங்க புக்கிட் பாஞ்சாங்ல இறங்கவே வேண்டாம், அதே ரயில் சுவா சூ காங் வரை போகும்.

இந்த எல்ஆர்டி 1999ல், ஏற்கெனவே வீடுகள் நிறைஞ்ச பேட்டைக்குள் நுழைச்ச பாதை. அதனால்தான் கூர்மையான வளைவும் ஏற்ற இறக்கமும். ஒரு ரயில் நின்னால் பின்னால் வர்றதும் நிக்கும். சிக்னலையும் ரயில்களையும் மாத்த 2018ல் ஒப்பந்தம் போட்டாங்க. தடை அறிவிப்பு வந்தால் மேடையில் காத்திருக்காதீங்க, கீழே இறங்கி ஃபீடர் பஸ் பிடிங்க.