கைக்குழந்தையோடு டொராண்டோ வருகிறவர்களுக்கு: முதல் பத்து நாள் தூக்கம்

அடுத்த மாதம் ஏழு மாதக் குழந்தையோடு இங்கே வரப்போகிற ஒருவர், "ராத்திரியெல்லாம் முழித்துக்கொண்டு இருப்பாளா?" என்று கேட்டிருந்தார். முதல் சில நாள் முழித்துக்கொண்டுதான் இருப்பாள். ஆனால் சரியாகிவிடும், பயப்படாதீர்கள். நாங்கள் சென்னையிலிருந்து வந்தது ஒரு ஜனவரியில், பையனுக்கு அப்போது எட்டு மாதம். பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் டொராண்டோ சென்னைக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். ஊரில் இரவு 9 மணிக்குத் தூங்கி காலை 6.30க்கு எழுந்த குழந்தைக்கு, அதே தூக்கம் இங்கே காலை 10.30க்கு வந்து இரவு 8 மணிக்குக் கலையும். நாம் விளக்கை அணைக்கிற நேரத்தில் அதற்குப் பொழுது விடிகிறது. நள்ளிரவு 1 மணிக்குக் கையைக் காலை உதைத்துக்கொண்டு சிரித்தால் அது அடம் இல்லை. அதன் உடம்புக்கு அப்போது முற்பகல் 11.30.

உடம்புக்குள் ஓடுகிற இந்தக் கடிகாரம் பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் அளவுக்குத்தான் நகரும். பத்தரை மணி நேரத்துக்குப் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலேயே நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு வரலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்களுக்கு அது சரி, அங்கே இரண்டு மூன்று மணி நேரத்துக்குள்தான் வித்தியாசம். கனடாவுக்கு வேண்டாம். மூட்டை கட்டுகிற வாரத்தில் குழந்தையையும் படுத்தி, நீங்களும் படுவதுதான் மிச்சம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் இந்தக் கவலையே பெரிதாக இல்லை. அதற்கு இரவு பகல் கணக்கு இன்னும் சரியாகப் பிடிபட்டிருக்காது.

நாங்கள் முதல் மூன்று நாள் செய்த தப்பு, இரவோடு மல்லுக்கட்டியது. பகலில் அவன் தூங்கினால், "பாவம், களைப்பு" என்று நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் விட்டுவிட்டு, ராத்திரி 2 மணிக்குத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடந்தோம். நாலாவது நாள் மாற்றிக்கொண்டோம். இரவில் எப்படித் தூங்கியிருந்தாலும் காலை 7.30க்கு எழுப்புவது. பகல் தூக்கம் எதுவும் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்தைத் தாண்ட விடாமல் மெதுவாக எழுப்புவது. தூக்கக் கலக்கத்தில் குழந்தையை எழுப்ப மனசே வராது, எனக்கும் வரவில்லை. அவன் கன்னத்தைத் தடவி, சாக்ஸைக் கழற்றி, ஜன்னல் திரையை விலக்கி, அந்த வெளிச்சத்தில் மடியில் உட்கார வைத்துக்கொள்வேன். ஐந்து நிமிடம் நைநை என்று அழுவான், அப்புறம் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு அமைதியாகிவிடுவான். பகல் தூக்கத்தை அடியோடு நிறுத்தவும் கூடாது. களைப்பு மீறின குழந்தை இரவில் இன்னும் மோசமாக அழும்.

வெளிச்சம்தான் பெரிய மருந்து. ஜனவரியில் இங்கே காலை 7.50 வாக்கில்தான் சூரியன் வரும், மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டு. அதனால் கிடைக்கிற வெளிச்சத்தை விடாதீர்கள். மேகமூட்டமான வானத்தின் வெளிச்சம்கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். குளிர் தாங்குகிற நாளில் நன்றாகப் போர்த்தி, ஸ்ட்ரோலரில் இருபது நிமிடம் வெளியே தள்ளிக்கொண்டு போய் வாருங்கள். கடுங்குளிர் என்றால் ஜன்னல் ஓரமே போதும். பால் கொடுக்கிற அம்மாவும் கூடவே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். இரவில் நம் உடம்பில் சுரந்து தூக்கத்தை வரவழைக்கிற மெலடோனின் என்கிற ஹார்மோன் தாய்ப்பாலிலும் கலக்கிறது. நம் கடிகாரம் திரும்பினால் குழந்தைக்கும் அது துணை.

இரவு எழுந்தால் பசியும் இருக்கும், வயிற்றுக்கும் அது மதியம்தானே. பால் கொடுத்துவிடுங்கள். ஆனால் பெரிய விளக்கைப் போடாமல், ஜீரோ வாட் பல்பு மாதிரி ஒரு மங்கல் விளக்கில், பேச்சு கொடுக்காமல், டயப்பரை மாற்றி மறுபடி படுக்க வையுங்கள். பருப்பு சாதம், ராகிக் கஞ்சி எல்லாம் இந்த ஊர்ப் பகலுக்கு மட்டும்.

தூளி பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பையன் பிறந்ததிலிருந்து தூளியில் ஆடித்தான் தூங்குவான். இங்கே அபார்ட்மென்டில் கொக்கிக்கு எங்கே போவது? ஜெட் லேக், அதாவது நேரம் மாறினதால் வருகிற தடுமாற்றம், என்று நாங்கள் நினைத்த அழுகையில் பாதி, தூளி இல்லாத அழுகை. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே பகல் தூக்கத்தையாவது சமதரையில், தட்டிக்கொடுத்துப் பழக்குங்கள். தூளி கட்டின அந்தப் பழைய புடவையைக் கொண்டுவாருங்கள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவனை ஏந்தினால் முகத்தைப் புதைத்துக்கொள்வான், வாசனை தெரியும் போலிருக்கிறது. ஆனால் கிரிப்பில், அதாவது கம்பித் தடுப்பு வைத்த குழந்தைக் கட்டிலில், படுக்க வைக்கும்போது புடவையை எடுத்துவிடுங்கள். தலையணை, தளர்வான துணி எதுவும் உள்ளே வேண்டாம், மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும்.

இன்னொன்று, தயவுசெய்து இதை மறக்காதீர்கள். தூக்கம் கெட்ட வாரத்தில் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சோபாவில் கண்ணயர்ந்துவிடாதீர்கள். மூச்சுத் திணறுகிற ஆபத்து உண்மையானது. நானும் கணவரும் முறை போட்டுக்கொண்டோம். இரவு 8 முதல் 1 வரை நான் தூங்குவேன், அப்புறம் 6 மணி வரை அவர்.

தூங்க வைக்கச் சளி சிரப், அலர்ஜி மருந்து, மெலடோனின் சொட்டு என்று விமானத்துக்கு முன்பு யோசனை சொல்கிறவர்கள் இருப்பார்கள். டாக்டர் சொல்லாமல் எதுவும் கொடுக்காதீர்கள். காய்ச்சல் அடித்தாலோ, டயப்பர் நனைவது குறைந்தாலோ, காதைப் பிடித்துக்கொண்டு அழுதாலோ அதை ஜெட் லேக் கணக்கில் சேர்க்கக் கூடாது. டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் 811க்குப் போன் செய்தால் எந்த நேரமும் நர்ஸிடம் பேசலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஊர் வீடியோ காலையும் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. என் மாமியார் தினமும் காலை பூஜை முடித்து 7 மணிக்குப் பேரனைப் பார்க்கக் கூப்பிடுவார். இங்கே அப்போது இரவு 8.30, அவனைத் தூங்கப் போடுகிற நேரம். பாட்டி குரலைக் கேட்டதும் ஒரே துள்ளல், அதன் பிறகு 11 மணி வரை தூக்கம் வராது. சொல்லத் தயங்கி ஆறு நாள் விட்டேன். கடைசியில், "அத்தை, நீங்க ராத்திரி சாப்பிடறதுக்கு முன்னாடி 8 மணிக்குக் கூப்பிடுங்க, இங்க காலையில ஒன்பதரை, இவன் கஞ்சி குடிக்கிற நேரம், நல்லா விளையாடுவான்" என்றேன். அவருக்கு ஒன்றும் வருத்தமில்லை. தாத்தாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவன் ஒவ்வொரு வாய் வாங்கும்போதும் "ஆ... இன்னொண்ணு" என்று அங்கிருந்தே ஊட்டுவார்.

ஒன்பதாம் நாள் இரவு ஒரே ஒரு முறை பாலுக்கு எழுந்து, காலை 6 மணி வரை தூங்கினான்.

ஜனவரி, பிப்ரவரியில் வருகிறவர்கள் மார்ச் மாத இரண்டாவது ஞாயிறையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அதற்கு நான்கு நாள் முன்பிருந்தே தினமும் கால் மணி நேரம் சீக்கிரமாகத் தூங்க வைத்து, கால் மணி நேரம் சீக்கிரமாக எழுப்பினால் குழந்தைக்குத் தெரியவே தெரியாது. ஊருக்கும் சொல்லிவிடுங்கள், அதற்கப்புறம் அங்கே இரவு 8 மணி என்றால் இங்கே காலை 10.30.